வீட்டைத் தூக்க வந்தவரிடம்

குனிந்து வாருங்கள் தம்பி. காலைப் பார்த்து வையுங்கள். மற்ற வீடுகளுக்குள் ஏறிப் போவார்கள், எங்கள் வீட்டுக்குள் இறங்கி வர வேண்டும். கோயில் குளத்தில் இறங்குகிற மாதிரி. சிரிக்காதீர்கள். இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த புதிதில் வாசலில் நின்றால் தெரு முழுவதும் கீழே தெரியும். இப்போது இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், போகிறவர் வருகிறவர் செருப்புத்தான் தெரிகிறது. முகத்தைப் பார்க்காமலே ஆளைச் சொல்லிவிடுவேன். தேய்ந்த குதிகால் என்றால் பால்காரர். பூப்போட்ட செருப்பு என்றால் மூலை வீட்டு மருமகள். சீ! ஓய்வு பெற்ற மனிதன் பார்க்கிற காட்சியா இது?

உங்கள் கம்பெனி வீடியோவை என் மகள்தான் போனில் அனுப்பினாள். வீட்டுக்கு அடியில் வரிசையாக ஜாக்கி வைத்து, எல்லாரும் ஒன்றாகத் திருகி, வீட்டை அப்படியே மேலே தூக்குகிறீர்கள். உள்ளே ஓர் அம்மாள் தன் பாட்டுக்குத் தோசை சுட்டுக்கொண்டிருக்கிறாள்! அதைப் பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டேன். அரசாங்கத்தை நம்பிப் பயனில்லை. நம் வீட்டை நாமே தூக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நீங்கள் பாட்டுக்கு அளவெடுங்கள். நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வருகிறேன். வீடு ஏன் இப்படி ஆனது என்று தெரிந்தால்தானே உங்களுக்கும் வேலை செய்ய வசதி?

அதோ, சுவரில் சுற்றிலும் ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறதே, அது போன மழையில் தண்ணீர் நின்ற மட்டம். அதன்மேல் வெள்ளையடித்துப் பார்த்தேன். மறுபடியும் கசிந்து வெளியே வந்துவிட்டது. மழைத் தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். மழைத் தண்ணீர் என்றால் துடைத்துவிட்டுப் போய்விடலாம். இது முதலில் தெரு வழியாகக்கூட வரவில்லை. குளியலறையில் தண்ணீர் போகிற ஓட்டை இருக்கிறதல்லவா, அதன் வழியாக வந்தது. குபுக், குபுக் என்று. எந்த வீட்டுச் சோப்பு நுரையோ, எந்த வீட்டு எச்சில் சோறோ! நாங்கள் அப்போது ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் மனைவி புஷ்பவல்லி எழுந்து போய் ஓட்டையில் பழைய துணியை அடைத்து, அதன்மேல் அம்மிக் குழவியை வைத்தாள். உடனே கழிப்பறையில் குபுக் என்றது. அதில் எதை அடைப்பது, சொல்லுங்கள்?

அட்டை வந்தது. புழு வந்தது. செத்த எலி ஒன்று மிதந்து மிதந்து வந்து சாமி அறை வாசலில் ஒதுங்கியது. குச்சியால் தள்ளிவிட்டேன். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் அங்கேயே வந்து நின்றது. வரி மட்டும் ஒழுங்காக வாங்கிக்கொள்கிறார்கள். இதற்கு ஓர் அரசாங்கம்!

புஷ்பவல்லி இப்போது இங்கே இல்லை. ஓசூரில் மகள் ஹேமா வீட்டில் இருக்கிறாள். போகும்போது, "வீடு காயட்டும், வர்றேன்" என்றாள். வீடு காய்ந்தது. ஆள் வரவில்லை. கேட்டால், "அடுத்த மழைக்கு நனையாதுன்னு ஆகட்டும், வர்றேன்" என்கிறாள். இதோ ஐப்பசி பிறக்கப் போகிறது. நான் மெஸ்ஸில் வாங்கிச் சாப்பிடுகிறேன். அந்தச் சாம்பாரைச் சாம்பார் என்று சொல்லக் கூடாது. மனைவி பக்கத்தில் இருந்தபோது இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதுகூட இல்லை. இருந்தாலும், சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் இல்லாத வீட்டில் தூக்கம் வருவதில்லை தம்பி. மழைக்கு முன்னால் நீங்கள் வீட்டைத் தூக்கிவிட்டால், தீபாவளிக்கு அவளை அழைத்துவந்துவிடுவேன். அதனால்தான் உங்களை இப்படி அவசரப்படுத்துகிறேன்.

வீடு தாழ்ந்துவிட்டது என்று தெருவில் பேசுவார்கள். நம்பாதீர்கள். வீடு அதே இடத்தில்தான் இருக்கிறது. தெருதான் ஏறிவிட்டது. முதலில் இங்கே மண் ரோடு. நான் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் ஆனதும் நடையாய் நடந்து தார் ரோடு போட வைத்தேன். அது பழசானதும் அதன்மேலேயே இன்னொரு ரோடு. அதுவும் நான் வாங்கிக் கொடுத்ததுதான். இந்த அருணோதயா நகரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். தணிகாசலம் என்றால் தெரியாது. செக்ரட்டரி சார் என்றால் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்கள்.

அரசாங்கத்தைப் பற்றி எனக்குத் தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். நானும் தலை நரைக்கும் வரைக்கும் ஓர் அரசு அலுவலகத்தில் இருந்தவன்தான். ஒருமுறைகூட யாரும் என்மீது குற்றம் சொன்னதில்லை. ஏன்? எந்தக் கோப்பையும் அவசரப்பட்டு நகர்த்த மாட்டேன். நகர்த்தினால்தானே தப்பு வரும்? அப்படிப் பொறுப்பாக வேலை செய்கிறவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

கேளுங்கள், முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

போன மழைக்கு முந்தின கோடையில், மூன்றாவது ரோட்டுக்கு உத்தரவு வந்தது. அதுவும் என் முயற்சிதான். காலையில் பெரிய சத்தம். போய்ப் பார்க்கிறேன், தெருமுனையில் யானை மாதிரி ஒரு மெஷின் நிற்கிறது. அடியில் பல் பல்லாக உருளை. பின்னால் ஒரு லாரி. பக்கத்தில் தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு ஒரு பெண். சுகன்யாவாம். நகராட்சி இன்ஜினியராம். என் மகளைவிடச் சின்னவள்.

"என்னம்மா இது?" என்றேன்.

"பழைய ரோட்டச் சுரண்டி எடுக்கப் போறோம் சார். எடுத்துட்டு, பழைய மட்டத்துலயே புது ரோடு போடுவோம். இனிமே ரோட்டு மட்டம் ஒசரக் கூடாதுன்னு உத்தரவு சார்."

"சுரண்டின ஜல்லி, தாரெல்லாம் எங்க போகுது?"

"லாரில ஏத்திட்டுப் போயிடுவோம் சார். வேற வேலைக்கு ஆகும்."

பிடித்துவிட்டேன் பார்த்தீர்களா! நாங்கள் வரி கட்டி வாங்கின ரோடு. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ரோடு. கல் மாதிரி கெட்டியாகக் கிடக்கிறது. இந்த இரண்டு ரோட்டையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டு, மெல்லிசாக ஒரே ஒரு ரோடு போட்டுக் கொடுப்பார்களாம். இரண்டை எடுத்துக்கொண்டு ஒன்றைக் கொடுத்தால் அதற்கு என்ன பேர்? பட்டப்பகலில், தொப்பி போட்டுக்கொண்டு!

வீட்டுக்கு வந்தேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் மெஷின் முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டேன். "முதல்ல என்னச் சுரண்டு, அப்புறம் ரோட்டச் சுரண்டு" என்றேன். தெருவே கூடிவிட்டது. "நம்ம ரோட்டைத் திருடிக்கிட்டுப் போறாங்க" என்று நான் எடுத்துச் சொன்னதும் இன்னும் நாலு நாற்காலி வந்தது. இந்தத் தெருவில் அப்படி ஓர் ஒற்றுமையை அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

ஒரே ஒருவர் மட்டும் ஒத்துழைக்கவில்லை. பக்கத்து வீட்டு ரெஜினா டீச்சர். பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாவு அரைத்த கையோடு வந்து நின்றார்.

"செக்ரட்டரி சார், சொரண்டட்டும் சார். நம்ம ரெண்டு வீடுதான் பள்ளத்துல கெடக்கு."

"டீச்சர், இது பொது விஷயம். ஒன்னாங்கிளாஸ் இல்ல" என்றேன்.

"ஒன்னாங்கிளாஸ் பிள்ளைக்கே தெரியும் சார், தண்ணி மேட்டுலேர்ந்து பள்ளத்துக்கு வரும்னு."

எல்லாரும் சிரித்தார்கள். பாவம், இத்தனை பேர் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று அந்த அம்மாளுக்கு வருத்தமாக இருந்திருக்கும். நான் பெருந்தன்மையாக வேறு பேச்சுக்கு மாற்றிவிட்டேன்.

மெஷின் திரும்பிப் போயிற்று. சங்கத்தில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்ததும் புஷ்பவல்லி கேட்டாள், "மெஷினத் தொரத்திட்டீங்களா?"

"தொரத்திட்டேன்."

"ம்" என்றாள். அவள் அதிகம் பாராட்டிப் பேசுகிறவள் இல்லை.

பிறகு என்ன? பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டார்கள். நான் விடிந்ததிலிருந்து கூடவே நின்றேன். நிற்காவிட்டால் மெல்லிசாகப் பூசிவிட்டுப் போய்விடுவார்களே! வேலைக்காரர்களுக்கு டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்து, "நம்ம வாசல்ல மட்டும் இன்னும் ரெண்டு சட்டி சேத்துக் கொட்டுங்கப்பா" என்றேன். கொட்டினார்கள். இந்தத் தெருவிலேயே ரோடு கனமாக இருக்கிற இடம் எங்கள் வாசல்தான். இன்றைக்கும் அளந்து பார்க்கலாம். ரோலர் ஓட்டினவன், "சார், வீடு கீழ போயிடுச்சே சார்" என்றான். "வீடு என்னோடதுப்பா. ரோடு அரசாங்கத்தோடது. குடுக்கும்போது கனமா வாங்கிக்கணும்" என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு ரோலரில் ஏறிவிட்டான்.

இதற்கு நடுவில் எதிர்வீட்டுக் குமரகுரு ஒரு காரியம் செய்தார். அரிசி மண்டி வைத்திருக்கிறார், வசதியான ஆள். பழைய வீட்டை இடித்துவிட்டு, ஆள் உயரத்துக்கு மேடை கட்டி, அதன்மேல் புது வீடு கட்டிக்கொண்டார். அவர் வாசலில் நின்ற தண்ணீரெல்லாம் எங்கே போகும்? எங்கள் பக்கம்தான். நேரிலேயே கேட்டேன். "உங்க வீட்ட ஒசத்திக்கிட்டா, எங்க கதி என்ன குமரகுரு?" என்றேன். "நீங்களும் ஒசத்திக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். என்ன சுயநலம் பாருங்கள்! அடுத்த வீட்டுக்காரன் முழுகினால் என்ன, தன் வீடு உயர்ந்தால் போதும் என்று நினைக்கிற காலமாகிவிட்டது. பொது நலம் என்ற பேச்சே இல்லை.

அந்த ஜாக்கி எவ்வளவு உயரம் தூக்கும் என்றீர்கள்? குமரகுரு வீட்டைவிட ஒரு படியாவது கூடுதலாக இருந்தால் நல்லது. பார்த்துச் செய்யுங்கள்.

மழை வந்தது. அந்த அசிங்கத்தைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே. மழை விட்டபிறகும் தண்ணீர் விடவில்லை. எங்கே போகும்? போக வழியே இல்லை. கறுத்துப்போய், மேலே எண்ணெய் மினுமினுக்க, நாறிக்கொண்டு நின்றது. "தண்ணீரை உடனே வெளியேற்றுக" என்று நகராட்சிக்கு எழுதினேன். எப்படி வெளியேற்றுவது என்பதெல்லாம் அவர்கள் கவலை. அதற்குத்தானே சம்பளம்?

ஒரு நாள் மத்தியானம் பம்பு கொண்டுவந்தார்கள். யார் வந்தது என்கிறீர்கள்? அதே சுகன்யா. தெருவில் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு எங்கள் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள்.

"சார், உங்க கொல்லைக் கதவ மட்டும் தெறந்து விடுங்க சார். பைப்ப அந்தப் பக்கமா ஓடைல விட்டா, பொழுது சாயறதுக்குள்ள தெரு வத்திடும்."

விஷயம் என்னவென்றால், எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓடை இருக்கிறது. மற்றவர்கள் எல்லாரும் கொல்லையில் அறை கட்டி அடைத்துவிட்டார்கள். டீச்சர் கொல்லைக்குப் பின்னால் டிரான்ஸ்பார்மர் நிற்கிறது. திறந்த வழி என் கொல்லையில் மட்டும்தான்.

"தெருக் கழிவு பூரா என் கொல்லை வழியாப் போகணுமா?" என்றேன்.

"பைப்புக்குள்ளதான் சார் போகும். வெளிய ஒரு சொட்டுத் தெறிக்காது."

"பைப்பு வெடிச்சா?"

"சார், அதான் ஏற்கெனவே உங்க வீட்டுக்குள்ள நிக்குதே சார்!"

பேச்சைப் பார்த்தீர்களா? பெரியவர்களிடம் பேசுகிற பேச்சா? நான் அரசாங்கத்தில் இருந்தவன். அவர்கள் வழி எனக்குத் தெரியும். இன்றைக்கு ஒரு பைப்புக்கு இடம் கொடுத்தால், நாளைக்கு அதுவே பாதை. மறுநாள் கால்வாய். அப்புறம் கொல்லை நம்முடையது என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். கொல்லைக் கதவைப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

புஷ்பவல்லி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். "தெறந்து விடுங்க" என்றாள்.

"உனக்குத் தெரியாது, சும்மா இரு."

"சாவியக் குடுங்க."

"இது கொள்கை விஷயம் புஷ்பா."

அவள் உள்ளே போனாள். இரண்டு புடவையையும் மாத்திரை டப்பாவையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். அந்த நாற்றத் தண்ணீரில் நடந்து வாசலுக்குப் போனாள். மேலேயிருந்து ரெஜினா டீச்சர் கை கொடுத்து ரோட்டுக்கு ஏற்றிவிட்டார். அவர் தன் பக்கத்துத் தளத்தின்மேல் கட்டியிருக்கிற மாடி அறையில் இரண்டொரு நாள் இருந்துவிட்டு ஓசூருக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

தண்ணீர் தானாக வற்றுகிற வரைக்கும் நான் இங்கேயே, இதே கட்டிலின்மேல் உட்கார்ந்திருந்தேன். கட்டிலுக்கு அடியில் தவளை கத்திக்கொண்டிருக்கும். ஒரு குடும்பத்தையே பிரித்துவிட்டது தம்பி, இந்த அரசாங்கம். கல்நெஞ்சுக்காரர்கள்.

என்ன, அங்கேயே கையை வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள்? ஆமாம், அது பொதுச் சுவர்தான். இவை இரட்டை வீடுகள். வீட்டு வசதி வாரியம் கட்டிக் கொடுத்தபோதே இப்படித்தான். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் டீச்சர், நடுவில் ஒரே சுவர். மேலே தளமும் ஒன்றுதான். அதனால் என்ன?

தூக்க முடியாதா?

தூக்கினால் இரண்டையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டுமா? ஒன்றை மட்டும் தூக்கினால் தளம் பிளந்துவிடுமா? அட, இதைப் போனிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? சரி, நான் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லையே! டீச்சர் சம்மதம் இல்லாமல் உங்கள் கம்பெனி கை வைக்காதா? இருங்கள், இப்போதே கூப்பிடுகிறேன். படித்தவர், சொன்னால் புரிந்துகொள்வார். இலவசமாக அவர் வீட்டையும் சேர்த்துத் தூக்கித் தருகிறேன் என்றால் கசக்குமா?

டீச்சர்! டீச்சர்! கொஞ்சம் இப்படி ஜன்னல் பக்கம் வாங்க!

வருகிறார். நீங்கள் பேசாதீர்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

"என்ன செக்ரட்டரி சார்? யாரு இந்தத் தம்பி? வெயில்ல வந்திருக்கு போல, தண்ணி குடிச்சீங்களா தம்பி?"

"அதெல்லாம் குடிச்சாச்சு டீச்சர். இவர் வீட்டத் தூக்குற கம்பெனி. நம்ம ரெண்டு வீட்டையும் ஒன்னாத் தூக்கிடலாம்னு சொல்றார். செலவு என்னோடது. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"எதுக்கு சார் தூக்கணும்? திங்கட்கிழமைதான் மெஷின் வருதே."

"எந்த மெஷினு?"

"நீங்க தொரத்தி விட்டீங்களே, அதே மெஷினு. ரோட்ட மண் மட்டம் வரைக்கும் சொரண்டி எறக்கப் போறாங்க. ஓடை வரைக்கும் வடிகாலும் சேத்து. உங்க கொல்லை ஓரமா மண்ணுக்கடியில ஒரு குழாய் போகும். அவ்வளவுதான்."

"செக்ரட்டரி நான் இங்க இருக்கேன். யாரக் கேட்டு வர்றாங்க?"

"நான் போய்க் கேட்டேன் சார். உங்க வீட்டம்மாவும் கூட வந்தாங்க. எங்க மாடில இருந்தாங்கல்ல, அப்பப் போனோம். அந்த இன்ஜினியர் பொண்ணுக்கு அவங்கள ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஓசூர்லேர்ந்து இப்பவும் அடிக்கடி அதுங்கூடப் பேசுறாங்க. தெருவுல மத்தவங்க எல்லாரும் சரின்னுட்டாங்க. குமரகுருகூட, வடிகாலுக்குக் குறுக்க நிக்கிற தன் படிக்கட்ட இடிச்சுக்கிறேன்னு சொல்லிட்டாரு."

"வீட்டத் தூக்குறதுக்கு என்ன சொல்றீங்க டீச்சர், அதச் சொல்லுங்க."

"வீட்டத் தூக்க நான் சம்மதிக்க மாட்டேன் சார். நாம தூக்கிக்கிட்டா, தண்ணி அடுத்த வரிசைக்குப் போகும். அவங்க எங்க போவாங்க? திங்கட்கிழமை நீங்க நாற்காலியத் தூக்கிட்டு வெளிய வராம இருந்தா, நம்ம வீடு தானா ஒசந்துடும். தம்பி, நீங்க அவசரமாப் போகாட்டி மோர் தர்றேன், குடிச்சுட்டுப் போங்க."

போய்விட்டார். கேட்டீர்களா தம்பி? உங்கள் காதால் கேட்டீர்களா? என் மனைவி! என் தலைக்கு மேலே, மாடியில் உட்கார்ந்துகொண்டு, எனக்குத் தெரியாமல், அந்தத் தொப்பிக்காரியோடு! நான் அந்தச் சமயத்தில் கீழே தவளைகளோடு உட்கார்ந்திருக்கிறேன். அரசாங்கம் என்றால் செக்ரட்டரியிடம் வர வேண்டும், பேச வேண்டும், கடிதம் கொடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டு அடுக்களை வழியாகவா வருவது? அருவருப்பாக இருக்கிறது தம்பி. அந்த எலியைப் பார்த்தபோதுகூட இவ்வளவு அருவருப்பு வரவில்லை.

மூன்று ரோடு. மூன்றும் நான் வாங்கிக் கொடுத்தது. ஒரே நாளில் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இந்தத் தெருவுக்கு நான் என்ன செய்தேன் என்று நாளைக்கு யாராவது கேட்டால் எதைக் காட்டுவேன்?

போன் அடிக்கிறது. பாருங்கள், அவள்தான். டீச்சர் அதற்குள் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. எனக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமாகத்தான் வைப்பேன். நீங்களும் கேளுங்கள். நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

"ஹலோ, புஷ்பா."

"வீட்டத் தூக்க ஆள் வந்திருக்காராமே?"

"ஆமா. எல்லாம் உனக்காகத்தான்."

"எனக்காக ஒன்னையும் தூக்க வேணாம். திங்கட்கிழமை மெஷின் வரும்போது கொல்லைக் கதவு தெறந்திருக்கணும். நீங்க வீட்டுக்குள்ள உக்காந்து காப்பி குடிக்கணும். அவ்வளவுதான். செவ்வாக்கிழமை காலைல நான் பஸ் ஏறிடுவேன்."

"நம்ம ரோட்ட அள்ளிக்கிட்டுப் போயிடுவானுங்க புஷ்பா."

"போகட்டும்."

"கொல்லை..."

"கொல்லையில வாழை வச்சது நான். தண்ணி ஊத்தினது நான். அதுக்கடியில குழாய் போனா எனக்கொன்னும் இல்ல. சரின்னு சொல்லுங்க. அந்தத் தம்பி அங்கதான இருக்காரு? அவர் காதுல விழற மாதிரி சொல்லுங்க. இல்லாட்டி நாளைக்கு, நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னுவீங்க."

"..."

"ஒரு வார்த்தைங்க. சரின்னு. நான் இன்னிக்கே பைய எடுத்து வச்சுடறேன். ஹேமா வீட்ல எல்லாம் வசதியாத்தான் இருக்கு. ஆனாலும் எனக்கு இங்க தூக்கம் வரல."

"ஹலோ... ஹலோ... புஷ்பா? கேக்கல."

"எனக்கு நல்லாக் கேக்குது. நீங்க மூச்சு விடறதுகூடக் கேக்குது."

"ஹலோ... விட்டு விட்டு வருது... சிக்னல் இல்ல புஷ்பா... ஹலோ..."

வைத்துவிட்டேன். வேறென்ன செய்வது? ஒரு மனிதன் தன் மனைவியோடு நிம்மதியாக நாலு வார்த்தை பேச முடிகிறதா இந்த ஊரில்? ஒரு டவரை ஒழுங்காக வைக்கத் துப்பில்லை.

ஏன் தம்பி அப்படி என் போனையே பார்க்கிறீர்கள்? அதில் சிக்னல் கோடெல்லாம் முழுசாகத்தான் காட்டும். காட்டுவதையெல்லாம் நம்பிவிட முடியுமா?

டேப்பைச் சுருட்டாதீர்கள். மோர் எங்கும் ஓடிவிடாது. இப்படி உட்கார்ந்து எனக்கு ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். அந்தச் சுவரைத் தொடாமல், இந்தப் பக்கத்தை மட்டும், கொஞ்சமாவது, ஒரு சாண் அளவாவது, தூக்க முடியுமா, முடியாதா?